முனுசாமி என்று நாம் கூப்பிட்டவன்

வினோத் இறந்துவிட்டான் என்று செய்தி வந்தபோது, "எந்த வினோத்?" என்று கேட்டேன்.

மறுமுனையில் ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள். என் கேள்வியில் அந்த அழுகை சட்டென்று நின்றது. "நான் சாமல்பட்டியிலருந்து பேசறங்கண்ணா. ஓசூர்ல உங்ககூட ஊழியத்துல இருந்தாங்கல்ல, அந்த வினோத்து. நான் அவங்க தங்கச்சி. டெங்குன்னு ஆஸ்பத்திரியில சேத்தோம், காப்பாத்த முடியல" என்றாள். அப்போதும் எனக்கு முகம் வரவில்லை. "முனுசாமி பையன் வினோத்துங்கண்ணா" என்று அவள் சொன்னபிறகுதான் முகம் வந்தது.

இதை வாசிக்கும் ஓசூர் சபையாரில் பலருக்கும் இதே குழப்பம் வந்திருக்கும். நாம் எல்லோரும் அவனை எல்டர் முனுசாமி என்றுதான் அறிவோம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: மார்மன் சபையில் இளைஞர்கள் இரண்டு வருடம் ஊழியத்துக்குப் போவது வழக்கம். வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் கறுப்பாக ஒரு பெயர்ப்பலகை. இரண்டு இரண்டு பேராகத்தான் போகவேண்டும். ஒருவன் கண்ணைவிட்டு இன்னொருவன் நகரக்கூடாது. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை, 'எல்டர்' என்று போட்டுக் குடும்பப் பெயரைச் சொல்லவேண்டும். நமக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பா பெயரைக் கொடுத்தோம். வாழ்நாளில் டை கட்டாத என் அப்பா அந்தோணி, கோயம்புத்தூரில் மில் வேலை பார்த்தவர், என் டைக்குப் பக்கத்தில் இரண்டு வருடம் ஊர் சுற்றினார். மாந்தோப்பு விவசாயியான முனுசாமி, ஓசூரில் சந்து சந்தாகப் போய் யேசுவைப் பற்றிப் பேசினார்.

"முனுசாமின்னு பேர வெச்சிக்கிட்டு யேசுசாமியப் பத்திப் பேச வந்துட்டீங்களே" என்று ஒரு வீட்டில் கேலி செய்தார்கள். நான் நெளிந்தேன். அவன் சிரித்துக்கொண்டே, "அவங்க ரெண்டு பேரும் சண்ட போட்டுக்கல, நமக்கென்னங்க?" என்றான். அந்த வீட்டில் எங்களை உட்காரச் சொன்னார்கள்.

எங்கள் சபையில் டீ, காப்பி கிடையாது. ஓசூரில் கதவைத் திறந்தவுடன் அடுப்பைப் பற்றவைக்காத வீடு கிடையாது. நான் "வேண்டாங்க" என்று சொல்லிவிட்டு, விளக்கம் வேறு கொடுப்பேன். அந்த அம்மாள் முகம் விழுந்துவிடும். அவன் மட்டும், "எங்களுக்குச் சுடுதண்ணி குடுங்கம்மா, டீ டம்ளர்லயே குடுங்க" என்பான். பற்றவைத்த அடுப்பு வீணாகவில்லை, கொடுக்க வந்த கையும் வெறுமனே திரும்பவில்லை. மே மாத வெயிலில் டை கட்டிக்கொண்டு சுடுதண்ணீர் குடித்துப் பார்த்தவர்களுக்குத்தான் அவனுடன் ஊழியம் செய்வது என்னவென்று தெரியும்.

தொழிற்பேட்டையை ஒட்டிய லைன் வீடுகளில் ஒருநாள் காலை, நான் ஒரு கதவைப் பலமாகத் தட்டிவிட்டேன். கண் சிவந்த ஒருவர் லுங்கியை இழுத்துக் கட்டியபடி வந்து, "நைட் ஷிப்ட் முடிச்சி இப்பத்தான் சார் படுத்தேன்" என்றார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அன்றிலிருந்து வினோத் கதவுக்கு முன் வாசலைப் பார்ப்பான். பகலில் கம்பெனி ஷூ வெளியில் கிடந்தால் தட்டவிட மாட்டான். இப்படியே ஒரு சந்து முழுக்கத் தாண்டிப் போய்விட்டோமே, என்ன ஊழியம் இது என்று நான் எரிந்து விழுந்தேன். "தூங்கட்டும் எல்டர். சாமி எங்கியும் ஓடிடாது" என்றான்.

திங்கட்கிழமைதான் துணி துவைக்க, வீட்டுக்குப் பேச. நான் என் அப்பாவோடு மில் கதையும் கிரிக்கெட்டும் பேசி முடித்தபின் அவன் போனை எடுப்பான். அம்மா பேசுவார், தங்கை பேசுவாள். "அப்பா இருக்காராம்மா?" என்று கேட்பான். "இங்கதான் இருக்காரு" என்பார் அம்மா. அத்தோடு சரி. கோயிலை விட்டான், சாதிசனத்தை விட்டான், கழுத்தில் துணியைக் கட்டிக்கொண்டு வீடு வீடாகத் திரிகிறான் என்று முனுசாமிக்குக் கோபம். பஸ் ஏறினால் சில மணி நேரத்தில் போய்விடும் ஊர்தான். ஊழியத்துக்கு ஒதுக்கிய எல்லையைத் தாண்டிப் போக எங்களுக்கு அனுமதியில்லை. வர அவருக்கு மனமில்லை.

மாம்பழ சீசனில் மினிலாரியில் லோடு ஏற்றிக்கொண்டு அவரே ஓசூர் மார்க்கெட்டுக்கு வந்தார். அம்மா தகவல் சொல்லியிருந்தார். வினோத் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனான், கூடவே நானும். கூடைகளுக்கு நடுவில் நின்ற அவர், மகனை மேலும் கீழும் பார்த்தார்.

"நெஞ்சுல என்னாடா பலக?"

"பேருப்பா."

"உம் பேர எழுதி மாட்டிக்கிட்டாத்தான் ஊருக்குத் தெரியுமா?"

அதில் இருந்தது ஆங்கில எழுத்து. அவருக்கு வாசிக்கத் தெரியாது. "இல்லப்பா, அது…" என்று இவன் ஆரம்பித்தான். "எடை போடணும், வழிய விடு" என்று அவர் திரும்பிக்கொண்டார். திரும்பும் வழியில், சொல்லியிருக்கலாமே என்றேன். "இப்ப சொன்னா அவர தாஜா பண்றேன்னு நெனப்பாரு. முடிச்சிட்டுப் போறப்ப பலகயவே கையில குடுத்துச் சொல்றேன்" என்றான்.

ஊழியம் முடிந்து அவன் ஓசூரிலேயே ஒரு கம்பெனியில் சேர்ந்தான். லீவுக்கு ஊருக்குப் போனால் அப்பா தோப்புக்குக் கிளம்பிவிடுவாராம். போனில் பேசும்போதெல்லாம், "அப்பாகிட்ட சொல்லிட்டியா?" என்று கேட்பேன். "அடுத்த தடவ" என்பான்.

நான் சாமல்பட்டி போய்ச் சேர்ந்தபோது வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். சற்று நேரத்தில் ஓசூரிலிருந்து ஒரு வேன் வந்து நின்றது. சபையார் சிலர், லைன் வீட்டுக்காரர்கள், எங்களுக்கு வீடு வாடகைக்குக் கொடுத்திருந்த ரத்னம்மா. இறங்கியதுமே ரத்னம்மா மார்பில் அடித்துக்கொண்டு, "அய்யோ முனுசாமி, போயிட்டியேப்பா முனுசாமி" என்று கதறினார். கூட வந்தவர்களும் அதே பெயரைச் சொல்லித்தான் அழுதார்கள். அழுதுகொண்டிருந்த ஊர்ப்பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெரியவர் மெல்ல எழுந்து என்னிடம் வந்தார்.

"தம்பி, முனுசாமி நானு. எம் பேரச் சொல்லி எதுக்கு அழுவறாங்க?"

சொன்னேன். சொல்லவேண்டியவன் நடுவில் படுத்திருக்க, நான் சொன்னேன். அவர் மகளிடம், வினோத்தின் பெட்டியில் பார்த்து அந்தப் பலகையைக் கொண்டுவரச் சொன்னார். கையில் வாங்கி எழுத்துகளின் மேல் விரலை ஓட்டினார்.

"இதுல அவம் பேரு எதுப்பா?"

"அவன் பேரு இல்லீங்கய்யா. உங்க பேரு மட்டுந்தான் இருக்குது."

அவர் உடைந்துபோனார். "அன்னிக்குச் சொல்ல வந்தான். நாந்தான் வழிய விடுன்னுட்டேன்" என்று திரும்பத் திரும்பச் சொல்லி அழுதார்.

அடக்கம் முடிந்ததும் எங்களைப் போகவிடவில்லை. "இத்தன பேருக்கு எம் பையனத் தெரிஞ்சிருக்குது. எனக்குத் தெரியல. எதுனா சொல்லுங்க" என்றார். ரத்னம்மா சுடுதண்ணீர்க் கதையைச் சொன்னார். நான் ஷூ கதையைச் சொன்னேன். அதை இன்னொரு முறை சொல்லச் சொன்னார். பஸ் ஏறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவனத் தெரிஞ்சவங்க இன்னும் இருந்தா வரச் சொல்லு தம்பி" என்றார்.

வினோத்திடமிருந்து எனக்குத் தங்கியது அதிகமில்லை. யார் வீட்டுக்குப் போனாலும் வாசலைப் பார்த்துவிட்டுத்தான் கதவைத் தட்டுகிறேன். பிறகு, அவன் பெயர். இருந்தவரை ஒருமுறைகூட நான் அதைச் சொல்லி அவனைக் கூப்பிட்டதில்லை. இனி கூப்பிட்டு என்ன ஆகப்போகிறது? எனக்கு ஆறவில்லை.

ஆனால் முனுசாமி இருக்கிறார். சாமல்பட்டி ஸ்டேஷனில் இறங்கி யாரைக் கேட்டாலும் வீட்டைக் காட்டுவார்கள். அவனைப் பற்றி ஒரு சின்னச் சங்கதி தெரிந்திருந்தாலும் போதும், போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள். பேசும்போது மறக்காமல் வினோத் என்று சொல்லுங்கள்.