சுவருக்குப் பின்னால் அண்ணி

போன அரையாண்டு விடுமுறையில் பிள்ளைகளை அண்ணன் பொறுப்பில் விட்டுவிட்டு நானும் அண்ணியுமாகப் பெண்கள் இருவர் மட்டும் ஒரு நாடகம் பார்க்கச் சிதம்பரத்தில் லாட்ஜ் எடுத்துத் தங்கினோம். கடலூரிலிருந்து பக்கம்தானே, நாடகம் பார்த்துவிட்டு அன்றைக்கே திரும்பிவிடலாமே என்று அண்ணன் கேட்டார்.

"திரும்பி வந்தா அது லீவா? வந்து யாரு சோறு ஆக்குறது?" என்றார் அண்ணி.

அண்ணிக்கு ஆஸ்பத்திரி லேபில் வேலை. சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை பூசையில் மைக் மக்கர் செய்தால் வாசகம் படிக்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். அப்படி ஒரு குரல். தான் மெதுவாகப் பேசுவதாக மட்டும் எப்போதும் நினைத்துக்கொள்வார்.

மத்தியானம் நன்றாகத் தூங்கி எழுந்து, அண்ணாமலை நகர் போகும் வழியில் ஒரு ஓட்டலில் டீ குடிக்க உட்கார்ந்தோம். முதல் வாய் குடித்ததுமே அண்ணியின் முகம் மாறியது.

"என்ன அண்ணே, டீ கேட்டா டீ குடிச்ச கிளாஸ கழுவுன தண்ணிய குடுத்திருக்கீங்க?"

எல்லா மேசைகளும் திரும்பிப் பார்த்தன. டீ மாஸ்டர் சிரித்துக்கொண்டே இஞ்சி தட்டிப் போட்டு வேறு டீ கொண்டுவந்தார். நிறமும் மணமுமாக அது தொண்டையில் இறங்கியபோது அண்ணி கண்ணை மூடிக்கொண்டார். கூடவே சூடான வாழைக்காய் பஜ்ஜி. யாரும் எங்களை எதற்கும் கூப்பிடாத ஒரு சாயங்காலம்.

அப்போது பக்கத்து மேசையிலிருந்து ஒரு தாடிக்காரர் எழுந்து வந்தார்.

"தப்பா நெனைக்காதீங்கம்மா. அதே மாதிரி இன்னும் கொஞ்சம் திட்ட முடியுமா?"

நாங்கள் பார்க்கவிருந்த நாடகமே அவருடைய குழுவினுடையதுதான். அதில் பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி, மேடைக்கே வராமல் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வம்பு பேசிக்கொண்டே இருப்பாளாம். அதைப் பேச வேண்டிய பெண்ணுக்கு ஜலதோஷத்தில் தொண்டை அடைத்துவிட்டது. கழுத்தில் மஃப்ளரோடு வெந்நீர் குடித்துக்கொண்டிருந்த அந்தப் பெண் எங்களைப் பார்த்துக் கைகூப்பினாள்.

"நாங்க டிக்கெட் வாங்கி நாடகம் பாக்க வந்திருக்கோம்ங்க," என்றார் அண்ணி.

"யாரும் உங்கள பாக்க மாட்டாங்கம்மா. பின்னாடி நின்னு பேசுனா போதும்."

அண்ணி என்னைப் பார்த்தார். "போங்க அண்ணி," என்றேன். மிச்ச பஜ்ஜியை நான் தின்று முடிப்பதற்குள் அவர் வசனம் படிக்கத் தொடங்கியிருந்தார்.

ராத்திரி அண்ணியின் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு மண்டபத்தில் தனியாக உட்கார்ந்தேன். வேலைக்குப் போகாமல் சாக்குச் சொல்லும் ஒரு குடித்தனக்காரனின் கதை. சுவருக்குப் பின்னாலிருந்து அண்ணியின் முதல் வசனம் வந்தது. என் வாழ்க்கையிலேயே அவர் அவ்வளவு மெதுவாகப் பேசிக் கேட்டதில்லை.

"கேக்கல," என்று பின்வரிசையிலிருந்து யாரோ சத்தம் போட்டார்கள்.

சுவருக்குப் பின்னால் யாரோ செருமுவது கேட்டது. பிறகு, "கேக்கலியா? இரு, வர்றேன்," என்று அண்ணியின் சொந்தக் குரல் வந்தது. மண்டபமே சிரித்தது.

அதற்குப் பிறகு அவரை நிறுத்த ஆளில்லை. குடித்தனக்காரன் தனக்கு வயிற்றுவலி என்று ஆபீசுக்குப் போன் செய்யும் இடத்தில், எழுதியே இராத வசனம் ஒன்று வந்தது. "காலையில வறுத்த மீன் வாசன எங்க வூட்டு வரைக்கும் வந்துச்சே, அது வயித்துவலிக்கு மருந்தா?"

அந்த நடிகர் விழித்தார். பிறகு சுவரைப் பார்த்துக் கும்பிட்டு, "அக்கா, போன்ல மேனேஜர் இருக்காருக்கா," என்றார். கைதட்டல் அடங்கவே நேரமானது.

கடைசியில் அண்ணியையும் மேடைக்கு இழுத்து வந்தார்கள். செருப்பில்லாமல், புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்தியபடி, சின்னப் பெண் போல நின்றார். அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

நாடகம் முடிந்து ஓட்டலில் இட்லியும் கத்தரிக்காய் கொத்சும் சாப்பிடும்போதுதான் அண்ணி கேட்டார்: "ஆமா, கத எப்புடி முடிஞ்சிது? பின்னாடி நின்னா ஒண்ணும் தெரியல." நான் முழுக் கதையும் சொன்னேன். தான் பேசிய இடங்களுக்கே விழுந்து விழுந்து சிரித்தார்.

அடுத்த மாதம் அந்தக் குழு பண்ருட்டியில் நாடகம் போட்டபோது அண்ணிக்குப் போன் வந்தது. அந்தப் பெண்ணின் தொண்டை சரியாகிவிட்டதாம். ஆனாலும் சுவருக்குப் பின்னால் இரண்டு பேர் இருக்கட்டும் என்றாராம் தாடிக்காரர். இந்த முறை அண்ணனும் வந்தார். முடிந்து வெளியே வந்ததும் எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"நல்லாத்தான் இருந்துச்சு," என்றார். "வூட்ல பேசுறதவிட கம்மியாத்தான் பேசுனா."