கறையக்காவும் நாலாம் பாகமும்

சலவை நிலையத்தில் அவளுக்கு வைத்த பெயர் கறையக்கா. மை, துரு, சாயம், இயந்திர எண்ணெய் என்று எந்தக் கறையோடு துணி வந்தாலும் கடைசியில் அவள் மேசைக்குத்தான் வந்து சேரும். இருபத்திரண்டு வருஷ அனுபவம். வயது ஐம்பத்தொன்று, தலையில் பாதி வெள்ளை. ஆனால் படிப்பதெல்லாம் நூலகத்தின் இளைஞர் பகுதிப் புத்தகங்கள்தான். டிராகன் மேல் ஏறிப் பறக்கும் பெண்ணின் கதை என்றால் உலை கொதிப்பதுகூடக் காதில் விழாது. அது அலுத்தால், பழைய அரண்மனைகளில் கொலை நடக்கும் துப்பறியும் நாவல்கள்.

மகள் பள்ளியில் படித்தபோது கொண்டுவந்த புத்தகத்தை, 'இதில் அப்படி என்னதான் இருக்கிறது' என்று பிரித்தவள்தான். மகள் கல்யாணமாகிப் போய்விட்டாள், அம்மா அந்த அலமாரியை விட்டு நகரவில்லை.

"நாளைக்குப் பேரப்புள்ள பொறந்தா, நீயும் அதுவும் ஒரே புஸ்தகத்துக்கு அடிச்சுக்குவீங்க" என்பார் பஸ் ஓட்டும் கணவர்.

"அடிச்சுக்கிட்டா என்ன? நான்தான் ஜெயிப்பேன்" என்பாள்.

அவளுக்கு ஒரே ஒரு குறை. டிராகன் கதையின் மூன்றாம் பாகம், அந்தப் பெண் பாதாளத்தில் விழுவதோடு நின்றுவிட்டது. நாலாம் பாகம் வெளிவந்து இரண்டு வருஷம். சொந்தமாக வாங்கக் கைக்கு எட்டாத விலை. நூலகமோ வாங்குகிற வழியாய் இல்லை. பாதாளத்தில் கிடப்பது தன் சொந்த மகளே என்பதுபோல் தவித்தாள்.

அந்த வருஷம் நூலகத்துக்குக் கூடுதலாக ஒரே ஒரு புத்தகம் வாங்க அனுமதி கிடைத்தது. வாசகர் வட்டத்தில் எட்டுப் பேர், எட்டுப் பேருக்கும் எட்டு ஆசை. நூலகர் அம்மா சாமர்த்தியசாலி. ஒரு சரித்திரத் துப்பறியும் நாவலை எடுத்து, கடைசி அத்தியாயத்தைக் காகித உறையால் சுற்றி ஒட்டினார். ஆளுக்கு மூன்று நாள் தருவார். கொலையாளி யார், எப்படித் தெரிந்தது என்று எழுதித் தரவேண்டும். சரியாகச் சொல்கிறவர் கேட்கும் புத்தகம் வாங்கப்படும்.

ஓய்வுபெற்ற சரித்திர வாத்தியார், அரச வம்சங்களைக் கரைத்துக் குடித்தவர், சிரித்துக்கொண்டார். "டிராகன் படிக்கிறவங்களுக்கு இது கொஞ்சம் கஷ்டம்தான்" என்று பொதுவாகச் சொல்வதுபோல் சொன்னார். யாரைச் சொன்னார் என்பது எல்லோருக்கும் தெரியும். கறையக்காவுக்குச் சுருக்கென்றது.

நாவலில் அரண்மனைப் பொக்கிஷக் காப்பாளரை யாரோ குத்திக் கொன்றுவிடுகிறார்கள். அவருடைய தம்பி, வைத்தியர், தளபதி என்று சந்தேகத்துக்கு ஆள் பஞ்சமில்லை. நடுவில் வேலைக்குப் புதிதாக வந்த சலவைக்காரி ஒருத்தி. உன் புடவையில் ரத்தம் பார்த்தேனே என்று தோழி கேட்க, அவள் சொல்கிறாள்: மூக்கில் வந்த ரத்தம், உடனே கொதிக்கிற தண்ணீரில் போட்டேன், சுத்தமாகப் போய்விட்டது.

கறையக்கா அந்த வரியில் நின்றுவிட்டாள்.

ரத்தக் கறையைச் சுடுதண்ணீரில் போட்டால் அது முட்டைபோல் வெந்து இழையில் உட்கார்ந்துவிடும். பச்சைத்தண்ணீர்தான் போடவேண்டும். வேலைக்குச் சேரும் முதல் நாளே சொல்லித்தரும் பாடம் இது. அப்படியென்றால் இவள் சலவைக்காரியே இல்லை, கொல்வதற்காக வேஷம் போட்டு உள்ளே வந்தவள். ஆனால் ஒரு சந்தேகமும் வந்தது: எழுதியவருக்கே இது தெரியாமலிருந்தால்? முன்பக்கங்களைப் புரட்டினாள். மூன்றாம் அத்தியாயத்தில் இன்னொரு கிழச் சலவைக்காரி, எண்ணெய்க் கறைமேல் முதலில் மாவைத் தூவி ஊறவிட்ட பிறகுதான் தண்ணீர் காட்டுகிறாள். எழுதிய ஆளுக்கு எல்லாம் தெரியும். தெரிந்தேதான் வைத்திருக்கிறார்.

எட்டுப் பேரும் படித்து முடித்தபின் வந்த ஞாயிற்றுக்கிழமை சீட்டுகளைப் பிரித்தார்கள். வாத்தியார் உட்பட ஐந்து பேர் தளபதி என்றிருந்தார்கள், இரண்டு பேர் வைத்தியர். 'சலவைக்காரி, சுடுதண்ணீர்தான் சாட்சி' என்றிருந்த கறையக்காவின் சீட்டைப் படித்ததும் வாத்தியார் கையை ஆட்டினார்.

"அது எழுதினவரோட பிழைம்மா. யானைக்கும் அடி சறுக்கும்."

"சறுக்கல சார். மூணாம் அத்தியாயத்துல மாவு தூவ வெச்சவரு, இதுல ஏமாறுவாரா?"

நூலகர் அம்மா உறையைக் கிழித்துப் படிக்க ஆரம்பித்தார். கதையில் அரச சபை கூடியது. துப்பறியும் அதிகாரி எழுந்தார். சலவைக்காரியின் முன்னால் ரத்தம் தோய்ந்த துணி ஒன்றை வைத்து, 'இதைத் துவைத்துக் காட்டு' என்றார். பக்கத்தில் இரண்டு பானைகள், ஒன்றில் ஆவி பறந்தது, மற்றதில் பச்சைத்தண்ணீர். அவள் கை ஆவி பறக்கும் பானைக்குப் போனது.

அறையில் யாரோ கை தட்டினார்கள். பிறகு எல்லோரும் தட்டினார்கள். கறையக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது, துடைக்கவும் தோன்றவில்லை. அத்தனை சந்தோஷம்.

"என்ன புஸ்தகம்னு எழுதட்டும்?" என்றார் நூலகர் அம்மா, அது தெரியாதவர் போல.

"டிராகன். நாலாம் பாகம்."

கூட்டம் கலைந்தபின் வாத்தியார் தயங்கித் தயங்கி வந்தார்.

"அந்த டிராகன் கதை... நேரா நாலாம் பாகத்துலேருந்து படிச்சா புரியுமா?"

"புரியாது சார். முதல் மூணையும் முடிச்சிட்டு வாங்க" என்றாள் கறையக்கா. "அதுவரைக்கும் நாலாவது என்கிட்டதான் இருக்கும்."