போகிறவன் தோற்க வேண்டும்

சென்ற ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எனக்கு நல்ல பேச்சு விழுந்தது. செய்த குற்றம்? டிவியில் மல்யுத்தம் போய்க்கொண்டிருந்தபோது, "எல்லாம் நடிப்பு" என்று சொல்லிவிட்டேன்.

என் மனைவி மல்யுத்த ரசிகை. கோயில் திருவிழாவைத் தவறவிட்டாலும் விடுவாள், அதை விடமாட்டாள்.

"நடிப்பெண்டு எனக்குத் தெரியாதே? சீரியலிலை மாமியார் அழேக்கை நீங்களும் மூக்கைச் சீறினீங்கள். அது மட்டும் உண்மையோ?"

 அதோடு அவள் விடவில்லை.

"அடிக்கிறவனைப் பாக்காதேங்கோ, அடி வாங்கிறவனைப் பாருங்கோ. அவன் எம்பிக் குடுக்காட்டி அந்த உடம்பை ஆராலை தூக்க ஏலும்? ரெண்டு பேரும் சேர்ந்தால்தான் சண்டை."

திரையில் ஒரு தடியன் விழுந்தான். எழும்பவேயில்லை.

"இவன் வேறை கொம்பனிக்குப் போறான். போறவன் தோத்துப்போட்டுத்தான் போகவேணும். நிக்கிறவனுக்கு வெற்றியைக் குடுக்கிறதுதான் மரியாதை" என்றாள்.

அடடா! இந்த மரியாதையை நம் அரசியல்வாதிகளுக்கு யார் சொல்லிக்கொடுப்பது?

ஆனால் எனக்கு நினைவு வந்தது அரசியல் அல்ல... எங்கள் காலை பஸ்.

வேலணையிலிருந்து யாழ்ப்பாணம் போகும் அந்த பஸ்ஸில் தினமும் ஒரு போட்டி நடக்கும். ஒரு பக்கம், ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் ஐயா. மறு பக்கம், இளம் கொண்டக்டர். ஐயா தன் வீட்டு வாசல் படலையில் நின்று கை காட்டுவார். பஸ் நிற்காது. கூப்பிடு தூரத்தில் உள்ள ஹோல்ட்டில்தான் நிற்கும். ஐயா நடந்து வந்து ஏறியதும் தொடங்கும்.

"என்ன காணும், கண் தெரியாதோ? படலையடியிலை நிண்டு கை காட்டினனான்!"

"படலைக்குப் படலை நிப்பாட்ட இது உங்கடை வீட்டுக் காரோ ஐயா?"

"என்ரை முழங்கால் நோவு உமக்குத் தெரியுமே?"

"சத்தத்தைப் பாத்தால் நோ இருக்கிற மாதிரித் தெரியேல்லை!"

பஸ் சிரிக்கும். அந்தச் சிரிப்பு அடங்கும்வரை ஐயா பொறுப்பார் — அதுதான் கலை — பிறகு அடுத்ததை எடுத்து விடுவார். பின்சீட்டெல்லாம் ஐயாவுக்கு, முன்சீட்டெல்லாம் கொண்டக்டருக்கு. பஸ் ஓட்டும் றைவர்? மல்யுத்த நடுவரைப்போல, தேவையான நேரத்தில் அவருக்கு எதுவும் தெரியாது. அல்லைப்பிட்டி தாண்டி, பண்ணைப் பாலம் வரை இது ஓடும்.

ஐயாவின் மனைவி இறந்துவிட்டார். பிள்ளைகள் கனடாவில். டவுனில் அவருக்கு ஒரு வேலையும் கிடையாது. பேப்பர் வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் திரும்புவார். நாள் முழுவதும் அவர் வாய் திறந்து பேசுவது இந்தச் சண்டையில் மட்டும்தான். பஸ்ஸில் எல்லோருக்கும் இது தெரியும். கொண்டக்டருக்கும் தெரியும்.

போன மாதம் கொண்டக்டருக்கு மன்னாருக்கு மாற்றம் வந்தது. கடைசி நாள் காலை, பஸ் ஐயாவின் படலையடியில் நின்றது!

"ஏறுங்கோ ஐயா. நீங்கள் வெண்டிட்டீங்கள், நான் தோத்துப்போனன்."

ஐயாவின் முகம் கறுத்துப்போனது.

"ஆர் உம்மை இஞ்சை நிப்பாட்டச் சொன்னது? ஹோல்ட்டிலை கொண்டுபோய் நிப்பாட்டும்!"

சொல்லிவிட்டு விறுவிறென்று நடக்கத் தொடங்கினார். முழங்கால் நோவெல்லாம் எங்கே போனதோ! அவர் பின்னால் பஸ் ஊர்ந்தது. புட்போர்ட்டில் தொங்கிக்கொண்டு கொண்டக்டர் கத்தினார்: "கெதியா நடவுங்கோ ஐயா, நேரம் போகுது!"

அவர் குரல் உடைந்திருந்தது.

புதுக் கொண்டக்டர் தங்கமான பிள்ளை. கேட்காமலே படலையில் நிறுத்துகிறார். கைபிடித்து ஏற்றி, இருக்க இடமும் எடுத்துக் கொடுக்கிறார். ஐயா கடலைப் பார்த்தபடி வருகிறார். ஒரு சொல் இல்லை. சில நாட்கள் வருவதேயில்லை. நல்லவர்கள் சில வேளைகளில் எவ்வளவு பெரிய கொடுமை செய்துவிடுகிறார்கள்!

மல்யுத்தம் பார்த்த மறுநாள், திங்கட்கிழமை காலை, துணிந்துவிட்டேன். பஸ்ஸில் நல்ல நெரிசல். ஐயாவின் பக்கத்துச் சீட்டில் அவருடைய குடை.

"என்ன ஐயா, குடைக்கும் ஒரு சீட்டோ? மனிசர் நாங்கள் நிண்டுகொண்டு வாறம்!"

பஸ் திடுக்கிட்டது. புதுக் கொண்டக்டர் சமாதானம் செய்ய ஓடி வந்தார். ஐயா அவரைக் கையால் விலக்கிவிட்டு, என்னை மேலும் கீழும் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு —

"நீர் பேப்பரிலை கிழமைக்குக் கிழமை என்னவோ கிறுக்கிறனீர் எல்லே? அதை வாசிக்கிற பாவத்துக்கு எனக்கு ஒரு சீட் காணாது காணும், ரெண்டு வேணும்!"

பின்சீட் வெடித்துச் சிரித்தது. நெஞ்சில் குத்து வாங்கியவனைப்போல நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு தடுமாறினேன். பாதி நடிப்பு. பாதி உண்மையாகவே வலித்தது.

யாழ்ப்பாணத்தில் இறங்கும்போது ஐயா என் தோளில் தட்டினார்.

"நாளைக்கும் இந்த பஸ்தானே? வாரும் காணும், உமக்கு இருக்கு!"