பாலத்தில் நின்ற மாப்பிள்ளை

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்த பிறகுதான் சவூதியின் அல் கோபாரிலிருந்து கார் கிளம்பியது. கடல்மேல் இருபத்தைந்து கிலோமீட்டர் பாலம். தாண்டினால் பஹ்ரைன். அங்கே மனாமா மாதா கோவிலில் மாலை ஆறு மணிக்கு என் தங்கை ஜெனிக்குக் கல்யாணம். தாலி என் கைப்பையில், மாப்பிள்ளை ஜூட் என் பக்கத்தில். லண்டனில் வளர்ந்த யாழ்ப்பாணத்துக்காரர், ஒப்பந்த வேலையாகக் கோபாருக்கு வந்தவர். எனக்கு ஆஸ்பத்திரி டியூட்டி, அவருக்கு சைட் வேலை; முந்தின நாள் இருவருக்குமே லீவு கிடைக்கவில்லை.

மூன்று மணி. பாலத்தின் நடுவிலிருக்கும் சோதனைச் சாவடிக்கு முன் வண்டிகள் அசையாமல் நின்றன.

"டோவரிலயும் இப்பிடித்தான் அக்கா. பிரெக்ஸிட்டுக்குப் பிறகு ஒவ்வொரு பாஸ்போர்ட்டிலயும் முத்திரை குத்தோணும். மணிக்கணக்கா நிண்டிருக்கிறன்," என்றார் ஜூட்.

டிரைவர் சாகுல் பாய் கீழக்கரைக்காரர். "இங்க வெள்ளிக்கிழமைதான் தம்பி பிரெக்ஸிட்டு. ஊரே பஹ்ரைனுக்குப் போவுது," என்றார்.

எங்கள் ஊர் களியக்காவிளை எல்லைச் சாவடியில் வண்டி நின்றால் நாங்கள் கேரளாக்காரனைத் திட்டுவோம். அவன் எங்களைத் திட்டுவான். யாரையாவது திட்டினால் கொஞ்சம் ஆறுதல்.

ஊர்ந்து ஊர்ந்து பஹ்ரைன் ஜன்னலுக்கு வந்தோம். அதிகாரி ஜூட்டின் நீலப் பாஸ்போர்ட்டைப் பார்த்துக் கையை விரித்தார். "விசா மாஃபி." விசா இல்லையாம். ஆன்லைனில் எடுத்த விசா ஜூட்டின் போனில் இருந்தது. வாங்கிப் பார்த்தேன். பாஸ்போர்ட் எண் வேறு.

"ஐயோ, இது என்ர பழைய சிவப்புப் பாஸ்போர்ட் நம்பர். எழுதி எழுதிப் பாடமாப் போச்சுது. பாக்காமலே அடிச்சிட்டன். பிரெக்ஸிட்டாலதானே நிறத்தையே மாத்தினவங்கள்..." என்று இழுத்தார்.

எனக்கு வந்ததே கோபம். "பிரெக்ஸிட்டா உம்ம விரலப் பிடிச்சு அடிச்சிச்சு? இறங்கும். தாலி கெட்டாம இந்தப் பாலத்த விட்டு நான் திரும்பமாட்டேன்."

அங்கேயே விசா கொடுக்கும் கவுண்டரில் வரிசை வாசல் தாண்டி நின்றது. மணி ஐந்து. தாலிப் பெட்டியைத் திறந்து உயர்த்திப் பிடித்து, இன்று கல்யாணம், இவர்தான் மாப்பிள்ளை என்று இந்தியில் கத்தினேன். "பாய், ஆஜ் ஷாதி ஹை. யே தூல்ஹா ஹை."

கசங்கிய டீ-ஷர்ட்டில் நின்ற மாப்பிள்ளையை எல்லோரும் ஏற இறங்கப் பார்த்தார்கள். பெஷாவர்க்காரர் ஒருவர் முதலில் ஒதுங்கினார். பின்னாலிருந்து யாரோ "யல்லா, ஜல்தி" என்று அவசரப்படுத்திச் சிரிக்க, மொத்த வரிசையும் வழிவிட்டது.

கோவிலை அடைந்தபோது ஆறு நாற்பது. அழுது வீங்கிய கண்ணோடு ஜெனி வாசலில் நின்றாள். "ஏன் இவ்வளவு லேட்டு?"

ஜூட் வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார். "என்ர பிழைதான்," என்றார்.

தாலி ஏறியது. கையெழுத்து போடும்போது சாமியார் பாஸ்போர்ட் எண் கேட்டார். ஜூட் மளமளவென்று எழுதத் தொடங்கினார். நான் தொண்டையைக் கனைத்தேன். பேனாவை வைத்துவிட்டு, பையிலிருந்து நீலப் பாஸ்போர்ட்டை எடுத்து, பார்த்துப் பார்த்து எழுதினார்.