முழங்கை தேயாத கவுன்

நோரா கியரியை மில்பர்ன் ஊர் மேடையேற்றிப் பார்த்தது 1884-ல். நியூயார்க்கிலிருந்து ரயிலில் வந்த பதினாறு அநாதைப் பிள்ளைகளை நாடகக் கொட்டகையில் வரிசையாக நிறுத்தினார்கள். நெப்ராஸ்காவின் தர்மவான்கள் ஒவ்வொருவராக மேலே ஏறி, பிள்ளைகளின் கையை அமுக்கிப் பார்த்தார்கள், பல்லைப் பார்த்தார்கள். கன்றுக்குட்டி வாங்கும்போதாவது இவர்கள் காசு கொடுப்பார்கள். தேவாலயப் பொறுப்பாளரான டீக்கன் ஸ்டாடர்ட், எஸ்ரா என்ற பன்னிரண்டு வயதுப் பையனின் வாய்க்குள் விரலை விட்டார். அவன் கடித்துவிட்டான். டீக்கன் விரலை உதறிக்கொண்டே, பக்கத்தில் நின்ற பத்து வயது நோராவைக் கைகாட்டினார். எஸ்ராவை யாரும் கேட்கவில்லை. கடைசியில் வாடகை வண்டி லாயக்காரர், கடிக்கிற குதிரை தன்னிடம் ஏற்கெனவே நாலு இருக்கிறது, ஐந்தாவதாக இருக்கட்டும் என்று கூட்டிப்போனார்.

டீக்கன் வீட்டில் நோராவை ‘எங்கள் மகள்’ என்றுதான் சொல்வார்கள். மகள் விடிவதற்கு முன்பே எழுந்து பன்றிக்குத் தீனி வைப்பாள், ஆறு பசு கறப்பாள். மாவுச் சாக்கில் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு உருளைக்கிழங்கு மூட்டைகளோடு தூங்குவாள். சாப்பாட்டு மேஜையில் மகளுக்கு நாற்காலி கிடையாது. ஜெபத்துக்கு மட்டும் கூப்பிடுவார்கள்.

பிள்ளைகளை ரயிலில் அனுப்பிவைத்த சங்கத்தின் ஏஜென்ட் விட்லாக் வருஷத்துக்கு ஒரு தடவை, மே மாதத்தில் வருவார். பிள்ளைகள் சுகமா என்று பார்ப்பது அவர் உத்தியோகம். வருகிற நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே கடிதம் போட்டுச் சொல்லிவிடுவார், அவ்வளவு மரியாதை தெரிந்த மனுஷர். அன்றைக்கு மட்டும் பெட்டியிலிருந்து ஒரு நீலக் கவுன் வெளியே வரும். பெரியவள் அளவுக்குப் புதிதாக வாங்கி, மடிப்பு மடிப்பாகப் பிடித்துத் தைத்தது. வருஷம் ஒரு மடிப்பைப் பிரித்துவிட்டால் போதும் என்பது டீக்கன் மனைவி அல்மைராவின் கெட்டிக்காரத்தனம். விட்லாக் ஆப்பிள் பை பலகாரத்தில் இரண்டு துண்டு சாப்பிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, சந்தோஷமாக இருக்கிறாயா என்று கேட்பார். டீக்கன் பின்னால் நிற்பார். இருக்கிறேன் என்பாள் நோரா. அதை அவர் நோட்டில் எழுதிக்கொள்வார். வண்டி திரும்பியதும் கவுன் பெட்டிக்குள் போகும்.

அந்த வண்டியை ஓட்டி வருகிறவன் எஸ்ரா. பெரியவனாகி லாயத்திலேயே வேலைக்கு நின்றுவிட்டான். குண்டு ஏஜென்ட்டை வருஷா வருஷம் சுமந்து வருகிறவன் என்பதால் நோராவுக்கு அவனைக் கண்டாலே இளக்காரம். ஏழாவது வருஷம் வாசலில் அவன் மெதுவாகச் சொன்னான்: “ஏழு வருஷமா இதே கவுன். முழங்கை தேயவே இல்லியே.”

“உன் கண்ணு குதிரையப் பாக்கத்தான் லாயக்கு. வண்டிய ஓட்டு.”

ஆனால் கவுனை மடித்து வைக்கும்போது முழங்கையைத் தடவிப் பார்த்தாள். இந்த ஊரில் ஒரு ஆளுக்காவது கண் இருக்கிறது என்பது அவளுக்குப் பிடித்திருந்தது. பிடித்ததற்காகத் தன் மேலேயே எரிச்சல் பட்டாள்.

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் டீக்கன் தேவாலய வாசலில் எல்லோருக்கும் கைகொடுத்து முடிக்கிற பத்து நிமிஷம் அவர்களுடையதாயிற்று. நோரா ஊராரை ஒவ்வொருவராகக் கிழிப்பாள், எஸ்ரா தொப்பிக்குள் முகத்தை வைத்துச் சிரிப்பான். தன்னைக் கட்டிக்கொள்கிறாயா என்று ஒரு ஞாயிறு கேட்டான். முதலில் வெளியே வர வேண்டுமே என்றாள் அவள். வருகிற ஜூனில் அவளுக்குப் பதினெட்டு முடிகிறது, சங்கத்தின் ஒப்பந்தப்படி அவள் போகலாம். ஆனால் டீக்கன் வேறொரு காகிதம் எழுதி வைத்திருந்தார். அவள் சொந்த விருப்பத்தின் பேரில் இன்னும் மூன்று வருஷம் இருப்பதாக. இந்த மே மாதம் விட்லாக் சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் முடிந்தது.

மே மாதம் ஒரு வியாழக்கிழமை டீக்கன் வீட்டுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவதாக விட்லாக்கின் கடிதம். ஓடையில் வெள்ளம், மற்ற வீடுகளுக்கு அப்புறம் போகலாம் என்று அவரிடம் சொல்லி, எஸ்ரா காலை ஏழு மணிக்கே வண்டியை அங்கே விட்டான். ஒரு மாதமாக மழையே இல்லை. விட்லாக் வானத்தைப் பார்க்கிற ஆள் இல்லை.

நோரா பன்றிக் கொட்டிலில் முழங்கால் வரை சேற்றில் நின்றாள். மாவுச் சாக்கில் ஆலையின் முத்திரை முதுகில் பெரிதாகத் தெரிந்தது. காலில் செருப்பு இல்லை. எஸ்ரா பார்க்கிறான் என்று அவளுக்கு ஒரு கணம் செத்துவிடலாம் போலிருந்தது. அவன் தொப்பியைக் கழற்றினான், அவள் கவுன் போட்ட நாட்களில் கழற்றியதைவிடத் தாழ்வாக.

அல்மைரா கவுனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். விட்லாக்குக்கு எல்லாம் புரிந்தது. புரிந்தவர் என்ன செய்தார்? கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு, “அவசரமில்ல, பொண்ணு உடுத்திட்டு வரட்டும். நான் உள்ள உக்காந்திருக்கேன்” என்றார். சங்கத்தின் கருணை அவ்வளவுதான்.

நோரா கொட்டிலை விட்டு வெளியே வந்தாள். கவுனைத் தொடவில்லை. சேற்றுக் காலோடு அல்மைராவின் கூடத்துக் கம்பளத்தில் நடந்துபோய் விட்லாக்கின் முன்னால் நின்றாள்.

“எட்டு வருஷமா கேக்கறீங்களே சார், இப்பக் கேளுங்க.”

விட்லாக் பக்கத்தில் நின்ற டீக்கனைப் பார்த்தார். டீக்கனைப் பார்த்துக்கொண்டே கேட்டுத்தான் ஏஜென்ட்டுக்குப் பழக்கம். கடைசியில் முணுமுணுத்தார், “சந்தோஷமா இருக்கியாம்மா?”

“இல்ல சார். எழுதுங்க. நீங்க எழுதி முடிக்கிற வரைக்கும் இப்படியே நிக்கறேன்.”

சேறு கம்பளத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. பிள்ளைக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று டீக்கன் ஆரம்பித்தார். கதவருகே எஸ்ரா வந்து நின்று, வாயைத் திறந்து பல்லைக் காட்டினான். டீக்கன் விரல்களை மடக்கிக்கொண்டார். விட்லாக் எழுதினார். நியாயம் தெரிந்து எழுதவில்லை, நாற்றம் தாங்காமல் எழுதினார். நோராவுக்கு அது போதும். டீக்கனின் காகிதத்தை ஒதுக்கிவிட்டு, ஜூன் வரை அவளை ஊர்ப் பள்ளி ஆசிரியை வீட்டில் விடச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

ஜூலையில் லாயத்தின் முற்றத்தில் கல்யாணம். ஊரில் பாதிப் பேர் வரவில்லை, வராததால் விருந்து நன்றாக இருந்தது. அல்மைரா மட்டும், பழசை மனதில் வைக்காதவள் என்று பேரெடுக்க, அந்த நீலக் கவுனைத் துவைத்து மடித்துப் பரிசாக அனுப்பினாள். பிடித்துத் தைத்த கடைசி மடிப்புகூடப் பிரிக்காமல் இருந்தது.

நோரா அதை நான்காகக் கிழித்து எஸ்ராவிடம் கொடுத்தாள். வருஷத்துக்கு ஒரு நாள் மட்டும் வேலை பார்த்த அந்தத் துணி, அதற்குப் பிறகு தினமும் காலையில் குதிரைக் குளம்பு துடைத்தது.