மன்மதனுக்குப் பேர் இல்லை

கிருஷ்ணகுமாரி இருபத்திரண்டு வருடமாக ஆளைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் பேர் போடுகிறாள். றக்வானைக்கு மேலே, பஸ் முக்கி முனகி ஏறுகிற ஒரு தேயிலைத் தோட்டத்தில் அவள் வருகைப் பதிவேடு எழுதும் செக்ரோல் கிளார்க். காலையில் தொழிலாளர்கள் வந்து கூடுகிற இடத்துக்குப் பெரட்டு என்று பெயர். பெரட்டில் வந்து நின்றவருக்குத்தான் அன்றைய வேலைக்குப் பேர், அதாவது ஒருநாள் சம்பளம். கொழுந்து குறைந்தால் அரைப்பேர். வராத மருமகளுக்காக மாமியார் வந்து மூக்கைச் சிந்தினாலும், தொழிற்சங்கத் தலைவர் போன் எடுத்துக் கெஞ்சினாலும் பேர் கிடையாது.

"அந்தப் பொம்பளைக்கு நெஞ்சுல ஈரமே இல்லை" என்று தொழிலாளர் குடியிருப்பில் லயத்துக்கு லயம் பேச்சு. ஈரம் இருந்தது. கணவர் கண்மூடிய பிறகு போன ஆறு வருடத்தில் அது அவளுடைய தலையணைக்கு மட்டும்தான் தெரியும்.

அந்தத் தலையணையிடமிருந்து தப்பிக்கத்தான் அவள் கலைக்களஞ்சியத்துக்குள் நுழைந்தாள். யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம் என்று இணையத்தில் இருக்கிற தமிழ்க் கலைக்களஞ்சியம். ஒருநாள் அதில் இரத்தினபுரி நகரத்தைப் பற்றிய கட்டுரையைத் திறந்தவள் திடுக்கிட்டுப் போனாள். 'உலகின் தலைசிறந்த நகரம்' என்றது முதல் வரி. 'விருந்தோம்பலில் இம்மக்களை வெல்ல எவருமில்லை' என்றது அடுத்த வரி. முந்தின நாள்தான் இரத்தினபுரி பஸ் ஸ்டாண்டில் ஒருவர் அவளுடைய காலை மிதித்துவிட்டு அவளையே திட்டியிருந்தார்.

'மலைக்குருவி' என்று ஒரு பெயரை வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினாள். களு கங்கைக் கரையில் அமைந்த நகரம் என்ற வரிக்கு வரைபடம் சாட்சி சொன்னது. முழுப்பேர். மாணிக்கக் கல் அகழும் பகுதி என்பதற்கும் முழுப்பேர். 'இங்கே மண்ணைக் கிளறினால் கோடீஸ்வரன்' என்ற வரியைப் பார்த்தபோது அவளுக்கு மாணிக்கக் குழி தோண்டும் கபூர் நானா ஞாபகம் வந்தது. முப்பது வருடமாகக் கிளறுகிறார், இன்னும் அதே சைக்கிள்தான். ஆனால் கபூர் நானாவின் சைக்கிளும் ஆதாரம் ஆகாது என்று விதி. அதனால் 'சான்று இல்லை' என்று மட்டும் எழுதி அந்த வரியை நீக்கினாள்.

கடைசியில் 'புகழ்பெற்றவர்கள்' என்ற பகுதி. அங்கேதான் விதி கால்மேல் கால்போட்டுக் காத்திருந்தது.

'பதினெட்டு ஆண்டுகள் காமன் கூத்தில் மன்மதனாக ஆடி, மக்கள் மனதைக் கொள்ளைகொண்ட கலைச்சிங்கம் நல்லையா.'

தூக்கினாள். மறுநாள் அது திரும்பி வந்தது. சிங்கம் இப்போது பேரரசர் ஆகியிருந்தார். திரும்பவும் தூக்கினாள். 'கலைநெஞ்சன்' என்ற பெயரில் எழுதுகிறவர் உரையாடல் பக்கத்தில் கொதித்தார்: 'மலைக்குருவி அவர்களே, ஒரு கலைஞனின் வயிற்றெரிச்சல் உங்களைச் சும்மா விடாது.'

'வயிற்றெரிச்சலுக்கும் ஆதாரம் வேண்டும் ஐயா' என்று அவள் பதில் எழுதினாள். 'கூத்து நடந்தது தோட்டத்தில். இது நகரத்தைப் பற்றிய கட்டுரை. நீங்கள் ஆதாரமாகக் காட்டும் பாராட்டு மலரை அச்சிட்டவரும் நல்லையா. பெரட்டுக்கு வராத ஆளுக்குப் பேர் இல்லை. தன் பேரைத் தானே போட்டுக்கொள்ளவும் முடியாது.'

இரண்டு மாதம் இந்தப் போர் நடந்தது. உண்மையைச் சொன்னால், அவள் அதற்காகவே வேலை விட்டு வேகமாக வீட்டுக்கு வந்தாள்.

ஒரு திங்கட்கிழமை மகள் கலைச்செல்வி கதவோரம் வந்து நின்றாள். பாலர் பாடசாலை டீச்சர். எஹலியகொட ஊர்க்காரன் யோகராஜும் அவளும் இரண்டு வருடமாக விரும்புகிறார்கள் என்பது அம்மாவுக்குத் தெரியும். யோகராஜின் அப்பா தலையசைப்பதுதான் பாக்கி.

"ஞாயித்துக்கிழமை பொண்ணு பார்க்க வராங்கம்மா. அவரோட அப்பா கடைசியா சரின்னுட்டாரு."

கிருஷ்ணகுமாரியின் கண் கலங்கிவிட்டது. "அவங்கப்பா பேரு என்னம்மா?"

"நல்லையா சேர். இஸ்கூல்ல படிச்சிக் குடுத்து ரிட்டயர் ஆனவரு. கொஞ்சம் மரியாதையாப் பேசுங்கம்மா. அந்தக் காலத்துல கூத்துல மன்மதனா ஆடினவராம். அதைப் பத்தி யாராவது குறைச்சுப் பேசினா ஒரு வாரம் சாப்பிட மாட்டாராம்."

அவள் கையிலிருந்த போன் நழுவி மாவுப் பாத்திரத்தில் விழுந்தது. இரண்டு மாதமாக எந்த மனிதரை வரிக்கு வரி வெட்டினாளோ, அவர் கையில் அவளுடைய ஒரே மகளின் வாழ்க்கை. அன்றிலிருந்து அந்த வரியை அவள் தொடவில்லை. பயத்தால் மட்டுமல்ல. சொந்தக்காரரைப் பற்றிய வரியில் கை வைக்கக்கூடாது என்பதும் அங்கே ஒரு விதி.

ஞாயிற்றுக்கிழமை நல்லையா தம்பதி, மகனோடு வந்து இறங்கினார்கள். வெள்ளை வேட்டி, கறுப்பு மை பூசிய மீசை. முறுக்கைக் கடிப்பதற்கு முன்னாலேயே அவர் போனை எடுத்துவிட்டார்.

"இதப் பாருங்க தங்கச்சி. இரத்தினபுரி டவுனப் பத்தி எழுதின இடத்துல நம்ம பேரு. மலைக்குருவின்னு ஒரு பய சும்மா சும்மா வெட்டிக்கிட்டே இருந்தான். வாதத்துல அடிச்சேன் பாருங்க, ஒரு வாரமா ஆளைக் காணோம். ஓடிட்டான்."

"அப்படிங்களா சேர்" என்றாள் கிருஷ்ணகுமாரி, கூரையைப் பார்த்துக்கொண்டு.

"பதினெட்டு வருஷம் மன்மதன். லேசுப்பட்ட விஷயமா?"

"பதினொன்னு" என்றாள் அவர் மனைவி தங்கம்மா, டீயை ஊதிக்கொண்டே. "மொத ஏழு வருஷம் நீங்க ரதி. உங்களுக்கு மீசை முளைக்கல. எங்க அம்மா சேலையத்தான் இரவல் வாங்கிக் கட்டுவீங்க."

யோகராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினான். கிருஷ்ணகுமாரியின் இருபத்திரண்டு வருடப் பழக்கம் அவள் வாயைத் திறந்துவிட்டது.

"அப்ப ஏழு வருஷத்துக்குப் பேர் இல்லைங்களே சேர். பெரட்டுக்கு வராத ஆளுக்குப் பேர் போட முடியாதுங்களே."

நல்லையாவின் கையில் முறுக்கு பாதியில் நின்றது. இரண்டு மாதமாக அவரைத் தூங்கவிடாத வாக்கியம் அது. மெதுவாகக் கேட்டார்: "மலைக்குருவி?"

கலைச்செல்விக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மாவின் முகம் வெளுத்தது மட்டும் தெரிந்தது. பொய் சொல்ல ஒரு நொடி இருந்தது. கிருஷ்ணகுமாரி அதைப் பயன்படுத்திக்கொள்ளவில்லை.

"நான்தாங்க சேர்."

அவர் எழுந்துவிட்டார். குரல் மேடைக்குப் போய்விட்டது. "எடுடா யோகராஜ் செருப்பை. என்னைப் பேரில்லாதவனா ஆக்கின வீட்டுல எனக்குப் பொண்ணு வேணாம்."

கலைச்செல்வியின் கண்ணில் நீர் திரண்டது. யோகராஜ் அசையவில்லை.

"உக்காருங்க" என்றாள் தங்கம்மா. "பஸ் ரெண்டு மணிக்குத்தான்."

"அந்த வரியை இனிமே தொடமாட்டேன்னு எழுதிக் குடுக்கச் சொல்லு. அப்புறம் உக்காருறேன்."

"எழுதிக் குடுக்கவே தேவையில்லைங்க" என்றாள் கிருஷ்ணகுமாரி. "எங்க பொண்ணு உங்க வீட்டுக்கு வர்றதா இருந்தா நான் அதைத் தொடவே கூடாது. சொந்தக்காரங்க வெட்டவும் கூடாது, சேர்க்கவும் கூடாது. அதுதான் விதி."

நல்லையா கண்ணைச் சுருக்கினார். "சம்பந்தம் நின்னுபோச்சுன்னா?"

"அப்ப வெட்டலாங்க."

நல்லையா கூரையைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், போனைப் பார்த்தார்.

"ஆனா மத்தவங்க வெட்டுவாங்க சேர்" என்றாள் அவள். அதையும் சொல்லாமல் விட அவளால் முடியவில்லை.

"மத்தவங்கள நான் பார்த்துக்கிறேன். உங்களத்தான் சமாளிக்க முடியல." மறுபடியும் உட்கார்ந்தார். "ஹரி" என்று சிங்களத்தில் ஒப்புக்கொண்டு, "வெத்தலைத் தட்டை எடுங்க" என்றார்.

அன்று மாலையே அவள் உரையாடல் பக்கத்தில் எழுதினாள்: 'இக்கட்டுரையில் குறிப்பிடப்படும் ஒருவர் எனக்குச் சம்பந்தி ஆகிறார். எனவே நான் விலகிக்கொள்கிறேன். மற்றவர்கள் சரிபார்க்கவும்.' சரிபார்த்தார்கள். மட்டக்களப்பிலிருந்து ஒருவர் பேரரசரை நீக்கினார். கனடாவிலிருந்து ஒருவர் பதினெட்டு ஆண்டை நீக்கினார். மிச்சமிருந்த பெயரையும் மூன்றாம் நாள் யாரோ எடுத்துவிட்டார்கள்.

"சம்பந்தி, எல்லாத்தையும் வெட்டிட்டானுங்க" என்று போனில் புலம்பினார் நல்லையா.

"பார்த்தேங்க. நான் தொடக்கூடாதுங்களே."

தொடக்கூடாதுதான். ஆனால் அவள் போனை வைத்த பிறகு முறுக்கு மாவு பிசைந்துகொண்டே சிரித்ததைக் கலைச்செல்வி பார்த்திருக்கிறாள்.

ஆவணியில் இரத்தினபுரியில் ஒரு மண்டபத்தில் கல்யாணம். தாலி கட்டி முடிந்ததும் தங்கம்மா கணவரின் காதில் ஏதோ சொன்னாள். நல்லையா மைக்கை எடுத்தார். எல்லோரும் மன்மதனை எதிர்பார்த்தார்கள். அவர் பாடியது ரதியின் பாட்டு. கல்யாணம் முடிந்து தாய்வீட்டைப் பிரிகிற ரதி, வாசலில் நின்று அம்மாவைத் திரும்பிப் பார்க்கிற இடம். அறுபத்தெட்டு வயது, மை பூசிய மீசை. ஆனால் குரல் அந்த மீசை முளைப்பதற்கு முந்தையது. கொழுந்து எடுக்கும் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்தினார்கள். கிருஷ்ணகுமாரி பெரட்டையும் விதியையும் மறந்து, ஆறு வருடத்துக்கும் சேர்த்து, மண்டபத்தின் நடுவில் உட்கார்ந்து அழுதாள்.

பாட்டு முடிந்ததும் அவர் நேராக அவளிடம் வந்தார். "எப்படி சம்பந்தி? இதாவது தேறுமா?"

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். "நான் சொந்தக்காரிங்க. வேற யாரையாவது கேளுங்க."

அவர் பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களை ஒவ்வொருவராகக் கேட்கப் போனார்.