பாசி டீசலும் அறுபது ஜிலேபியும்

2024 ஏப்ரல் 28, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு நாற்பது. வானில் மேகம் இல்லை. பக்கத்து வீட்டு முருங்கையில் ஓர் இலைகூட அசையவில்லை. மனைவியோடு ஒன்பது நாள் மகள் வீட்டில் இருந்துவிட்டுப் பொன்னேரிக்குத் திரும்பியவன், பையைக்கூட இறக்காமல் இருபத்திரண்டு படி ஏறி மொட்டைமாடிக்குப் போனேன். மூன்று தொட்டிகளிலும் அடி தெரிந்தது.

அடி தெரியக் கூடாது. இரண்டு மாதமாக அந்தத் தண்ணீரைப் பச்சையாக்கத்தான் பாடுபட்டேன். கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி அதில் பெருக வேண்டும். பெருகியதை வடிகட்டிக் காயவைத்து எண்ணெய் எடுக்க வேண்டும். அந்த எண்ணெயை மெத்தனாலும் காஸ்டிக் சோடாவும் சேர்த்துப் பக்குவம் செய்தால் டீசல். வீட்டில் ஒரு பழைய ஜெனரேட்டர் சும்மா கிடந்தது. கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலை ஒன்றின் ஸ்டோர்ஸில் முப்பத்து நான்கு வருடம் போல்ட்டு நட்டு எண்ணியவனுக்கு, ஓய்வுக்குப் பின்னும் எண்ண ஏதாவது வேண்டியிருந்தது.

மனைவியின் நிபந்தனை ஒன்றுதான். "அக்கினி நட்சத்திரம் பொறக்கறதுக்குள்ள ஒரு டம்ளர் எண்ணெய் காட்டுங்க. இல்லன்னா மாடி எனக்கு. வடாம் போடணும்."

இன்னும் ஆறு நாள் இருந்தது. குனிந்து பார்த்தேன். முதல் தொட்டியில் ஏதோ ஓடியது. பிறகு பல ஓடின. மீன்கள். எண்ணத் தொடங்கினேன். ஓடுகிற சரக்கை எண்ணி எனக்குப் பழக்கமில்லை. மூன்று முறை எண்ணியதில் மூன்று விடை வந்தது.

கரண்ட் போய் வந்தால் காற்றுக் குமிழி மோட்டாரைப் போடச் சொல்லி, பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் மாடிச் சாவியைக் கொடுத்திருந்தேன். பழவேற்காட்டில் மீன் பிடிக்கிற குடும்பத்துப் பெண். மதிலோரம் கூப்பிட்டுக் கேட்டேன்.

"அறுபது உட்டேன் சார். ஜிலேபி மீனு. எங்க ஊட்டுக்காரு ஏரியிலேர்ந்து எத்துகினு வந்தாரு. துட்டெல்லாம் வாணாம்."

"மீன் யார் கேட்டாங்க?"

"கேக்கணுமா இன்னா? தண்ணி பச்சையா கீது, யூரியா போடறீங்க, காத்துக்குழா வச்சிகிறீங்க. டெய்லி காலையில மூஞ்சத் தொங்கப் போட்டுகினு தொட்டியாண்ட நிக்கிறீங்க. வளத்த மீனு செத்துப்பூட்ச்சி, சாருக்கு மனசு தாங்கலன்னு எங்க ஊட்ல எல்லாருக்கும் பேஜாராப் பூட்ச்சி."

"அது பாசிம்மா. டீசலுக்கு வளர்த்தேன்."

அவள் மதிலுக்கு மேல் எட்டி என் மனைவியிடம், "அக்கா, சாருக்கு மோர் குடு. வெயில்ல வந்துகிறாரு," என்றாள்.

பாசி முழுதும் மீனுக்குள் போய்விட்டது. ஆனால் சரக்கு காணாமல் போவதில்லை, இடம்தான் மாறும் என்பது ஸ்டோர்ஸ்காரன் நம்பிக்கை. எண்ணெய் மீனில் இருக்கிறது; வறுத்தால் சட்டியில் இறங்கிவிடும். மனைவியிடம் இதை விளக்கினேன். அவள் மறுக்காமல் அரிவாள்மனையை எடுத்தாள்.

வறுத்து முடித்ததும் சட்டியில் மிஞ்சியதை வடித்து அவள் முன் வைத்தேன். முக்கால் டம்ளர்.

"நான் ஊத்தனது முழு டம்ளர். கடலை எண்ணெய்," என்றாள்.

அளந்து பார்த்தேன். என் பாசி எண்ணெய் தரவில்லை என்பது மட்டுமில்லை, வீட்டு எண்ணெயில் கால் டம்ளரைக் குடித்தும் இருந்தது. மெத்தனால் வாங்கும் கட்டத்துக்கு நான் போகவேயில்லை.

பக்கத்து வீட்டுக்குப் பதினைந்து மீன் கொடுத்தனுப்பினோம். மிளகாய்த்தூள் கம்மி என்று பதில் வந்தது.

அன்று மாலையே தொட்டிகள் கீழே இறங்கின. அக்கினி நட்சத்திரம் பிறந்த அன்று மாடியில் பதினேழு வரிசை வடாம் காய்ந்தது. காக்கை விரட்ட நான் உட்கார்ந்திருந்தேன். வரிசைக்கு இருபத்து நான்கு. ஓடாத சரக்கு, எண்ண வசதி.

வறுத்த மீன் ஐம்பத்தெட்டுத்தான். இரண்டு எங்கே என்று இன்றுவரை தெரியவில்லை.

தொட்டி மூன்று, மோட்டார் மூன்று, விதைப் பாசி ஒரு பாட்டில், யூரியா, சூப்பர் பாஸ்பேட், வடிகட்டிப் பார்த்துப் பச்சையாகிப்போன வேட்டி ஒன்று, கடலை எண்ணெய் கால் டம்ளர்: ஆக மொத்தம் ஒன்பதாயிரத்து நானூற்று அறுபத்தேழு ரூபாய்.